வினாக்கொத்தும் விளையாட்டும்

2011ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் 'பற்றில்பீல்ட் 3' என்னும் போர் விளையாட்டு ஐரோப்பியக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. எலெக்ட்றோனிக் ஆர்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி அதனை வெளியிட்டிருந்தது. விற்பனையில் அது பெருவெற்றி கண்டதாயினும், ஜேர்மனியில் அதனை வாங்கியோருட் பலர் விளையாட்டின் நயங்களைப் பற்றிப் பேசினாரல்லர். அதனோடு கூடித் தம் கணனியுட் புகுந்த 'ஒறிஜின்' என்னும் வேறொரு மென்பொருளைப் பற்றியே பேசினர். அமேசன் விற்பனைத் தளத்தின் ஜேர்மன் பகுதியில் மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணோடு கூடிய கண்டனங்கள் திரள் திரளாகக் குவிந்தன. ஏனைய நாடுகளிலும் முணுமுணுப்பு இருந்தது உண்மையே. எனினும் ஜேர்மனியில் எழுந்த சினம் தன்மையால் வேறுபட்டது. அவ்வேறுபாட்டின் காரணத்தை அறியவேண்டின், கணனி விளையாட்டோடு யாதொரு தொடர்புமற்ற ஒரு குடிசன மதிப்பீட்டிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

மேற்கு ஜேர்மனி 1983 ஏப்பிரல் 27ஆம் திகதி தன் குடிகளை எண்ணத் திட்டமிட்டிருந்தது. பெயர், முகவரி, தொழில், குடியிருப்பு முதலியன பற்றிய வினாக்கொத்து வீடுதோறும் செல்லவிருந்தது. விடையளிக்க மறுப்போர் தண்டப்பணம் செலுத்த நேரிடும். நிர்வாக நோக்கில் இது வழமையான காரியமே. ஆயினும் நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1939ஆம் ஆண்டு மே மாதம் நாஸி அரசு நடத்திய குடிசன மதிப்பீட்டில் ஒரு மேலதிக அட்டையும் இணைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவருடைய பாட்டன் பாட்டியர் நால்வருள் யூதர் எவரேனும் உளரோ என அது வினவிற்று. அம்மதிப்பீட்டின் தரவுகள் துளையட்டை இயந்திரங்களால் வகைப்படுத்தப்பட்டன. அத்தகைய தரவுகள் எதற்குப் பயன்படக்கூடும் என்பதை ஜேர்மனியர் ஏட்டில் மட்டும் படித்தறிந்தவரல்லர். எல்லைக்கு அப்பால், கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிசார் தம் குடிகளைப் பற்றிக் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்ததும் அதே காலத்திலேயாம்.

ஹம்பேர்க் நகரின் சட்டத்தரணிகளான மாயா ஸ்ராட்லர்-ஒய்லர், கிசெலா வில்ட் என்னும் இரு பெண்மணிகளும் வேறு பலரும் சமஷ்டி அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடினர். மதிப்பீடு நடைபெறுவதற்கு இரு வாரங்கள் இருக்கையில், ஏப்பிரல் 13ஆம் திகதி நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாண்டு டிசெம்பர் 15ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பு ஐரோப்பியச் சட்ட வரலாற்றில் ஒரு திருப்புமுனை எனலாம். தன்னைப் பற்றிய தகவலை எவருக்கு, எவ்வளவு, எதற்காக வெளியிடுவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தனிமனிதனுக்கு உண்டு என்றும், அவ்வதிகாரம் மனித மாண்பிலிருந்து பிறப்பதென்றும் நீதிமன்றம் கூறிற்று. இதற்கு 'தகவல்சார் சுயநிர்ணய உரிமை' என்று பெயராயிற்று. சுயநிர்ணயம் என்னுஞ் சொல் தமிழில் இனங்களோடும் தேசங்களோடும் சேர்ந்தே பெரிதும் வழங்கிவந்துள்ளது. இங்கு அது தனியொருவனின் உடைமையாக்கப்பட்டமை நோக்கற்பாலது.

தீர்ப்பின் நுட்பம் வேறோரிடத்தில் உள்ளது. தானியங்கித் தரவுச் செயன்முறை வந்தபின் 'அற்பமான தரவு' என்று ஒன்று இல்லை என நீதிமன்றம் கண்டது. தனித்தனியே பொருளற்ற செய்திகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படும்போது ஒருவனுடைய முழு உருவத்தையும் தீட்டிவிடும். தன்னைப் பற்றி யார் என்ன அறிவர் என்பதை அறியாத மனிதன் தன் நடத்தையையே மாற்றிக்கொள்வான். அது அவனுக்கு மட்டுமன்றி மக்களாட்சிக்கும் கேடாம். குடிசன மதிப்பீட்டின் தரவை உள்ளூராட்சிப் பதிவேடுகளோடு ஒப்பிட இடமளித்த விதி செல்லாதெனத் தள்ளப்பட்டது. திருத்தப்பட்ட மதிப்பீடு 1987 மே 25ஆம் திகதியே நடந்தேறியது.

இவ்வுரிமை அரசுக்கு எதிராகவே முதலில் வார்க்கப்பட்டது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். தனியார் கம்பனிகளையும் 1977ஆம் ஆண்டின் சமஷ்டித் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்திற்று. ஆயினும் அச்சட்டத்தில் ஒரு வாயில் இருந்தது: சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் தரவைப் பயன்படுத்தலாம். சம்மதம் கையொப்பமாக இருந்த காலத்தில் இது நியாயமான ஏற்பாடே. அச்சம்மதம் திரையில் ஒரு பொத்தானாக மாறியபோது நிகழ்ந்ததென்ன என்பதே அடுத்த கதை.

ஐக்கிய அமெரிக்காவின் வால்வ் கம்பனி 2003 செப்டெம்பரில் 'ஸ்ரீம்' என்னும் விநியோக மென்பொருளை வெளியிட்டது. விளையாட்டுகளை இணையம்வழி திருத்தியும் புதுப்பித்தும் தருவது அதன் முதற்பணி. 2004 நவெம்பரில் வெளிவந்த 'ஹாவ்-லைவ் 2' என்னும் விளையாட்டோடு நிலைமை மாறியது. கடையில் இறுவட்டை விலைகொடுத்து வாங்கியவனும் ஸ்ரீமில் ஒரு கணக்கைத் திறந்து, இணையத்தின் வழியே அனுமதி பெற்றாலன்றி விளையாட இயலாது. வாங்கிய பண்டத்தைப் பயன்படுத்துவதற்கு விற்றவனிடம் மீண்டும் அறிமுகஞ் செய்துகொள்ளவேண்டிய விந்தை இவ்வாறு வழக்கமாயிற்று.

அத்தகைய மென்பொருள் சில செய்திகளை அறியாது இயங்கமுடியாதென்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். எந்த விளையாட்டு நிறுவப்பட்டுள்ளது, அதன் பதிப்பு யாது, கணனியின் திறன் எவ்வளவு என்பன தெரியாமல் திருத்தங்களை அனுப்புதல் சாலாது. ஆனால் எத்தனை மணிநேரம் விளையாடினான், எந்த இரவில், எவரோடு, எவ்விடத்தில் தோற்றுக் கைவிட்டான் என்பனவும் அதே வழியாற் சேர்கின்றன. முன்னையது தேவை, பின்னையது வாய்ப்பு. இரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பவர் யார் என்பதே வழக்கு.

ஜேர்மன் நுகர்வோர் அமைப்புகளின் ஒன்றியம் வால்வ் மீது வழக்குத் தொடர்ந்தது. கணக்கைப் பிறருக்கு மாற்றக்கூடாதென்ற விதியால், வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்யும் உரிமை வெறும் பெயரளவாயிற்று என்பது அதன் வாதம். 2010 பெப்ரவரி 11ஆம் திகதி சமஷ்டி உயர் நீதிமன்றம் கம்பனியின் பக்கமே தீர்த்தது. விளையாட்டை ஓர் ஆளின் கணக்கோடு பிணைப்பது சட்டத்துக்கு மாறானதன்று என்றாயிற்று. வழக்கு மறுவிற்பனை பற்றியதாயினும் அதன் விளைவு அந்தரங்கத்தையும் தொட்டது. பெயரற்ற வாங்குநன் என்று ஒருவன் இனி இல்லை.

இதற்கிடையில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 பெப்ரவரி 27ஆம் திகதி மற்றோரடி முன்வைத்திருந்தது. அரசின் உளவு அமைப்பு இணையத்தின் வழியே தனியார் கணனிகளை இரகசியமாகச் சோதிக்க இடமளித்த ஒரு மாநிலச் சட்டத்தை அது செல்லாததாக்கியது. கணனியின் இரகசியத்தன்மையும் பழுதின்மையுங்கூட அடிப்படை உரிமையின் பாற்படும் என்பது அதன் முடிவு. ஒருவனுடைய வன்தட்டு அவனது வீட்டினும் நெருக்கமான இடமாக மாறிவிட்டதென்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தனர் போலும்.

2011 ஒக்டோபர் 8ஆம் திகதி, கேயொஸ் கொம்பியூட்டர் கிளப் என்னும் ஜேர்மன் கணனி வல்லுநர் சங்கம் ஓர் ஆய்வை வெளியிட்டது. இணையத் தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்கவென நீதிமன்ற அனுமதியோடு பயன்படுத்தப்பட்ட பொலிஸ் மென்பொருள் ஒன்று, திரையைப் படம்பிடிக்கவும், வேறு நிரல்களைக் கொணர்ந்து நிறுவவும் வல்லதாயிருந்தமை அதனால் அம்பலமாயிற்று. பவேரிய மாநில அரசு தன் பொலிசார் அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டது. நாடு முழுவதும் 'அரச உளவுநிரல்' என்பதே பேச்சாயிருந்த அவ்வேளையில், மூன்று வாரமும் கழியுமுன்னர் ஒறிஜின் வந்திறங்கியது. கம்பனியின் துரதிர்ஷ்டம் என்று இதனைச் சொல்வோரும் உளர். ஆனால் துரதிர்ஷ்டம் ஒப்பந்தத்தின் வாசகங்களை எழுதுவதில்லை.

ஒறிஜினின் ஒப்பந்தம் 2011 ஓகஸ்டிலேயே கண்டனத்துக்கு உள்ளாகிச் சிறிது திருத்தப்பட்டிருந்தது. பயன்படுத்துபவரின் கணனி, இயங்குதளம், அதில் உள்ள மென்பொருள்கள், அவற்றின் பயன்பாடு, இணைக்கப்பட்ட கருவிகள் ஆகியன பற்றிய தகவல்களைத் திரட்டும் உரிமையை அது கம்பனிக்கு வழங்கிற்று. விளையாட்டைப் பற்றிய தகவல் என்னும் எல்லை அங்கில்லை. பயனர் சிலர், நிரல்களின் செயலைப் பதிவுசெய்யும் கருவியொன்றால் ஒறிஜினை உற்றுநோக்கினர். விளையாட்டோடு தொடர்பற்ற நிரல்களின் கோப்புறைகளையும் அது வரிசையாகத் தொட்டுச் செல்வதைப் படம்பிடித்து வெளியிட்டனர். பெயர்ப்பட்டியலைப் பார்ப்பது, உள்ளடக்கத்தைப் படிப்பது, அதனை வெளியே அனுப்புவது ஆகியன மூன்று வெவ்வேறு செயல்கள். அப்படங்கள் முதலாவதற்கே உறுதியான சான்றாயின. ஒறிஜின் உளவுநிரலன்று எனக் கம்பனி மறுத்தது. மறுத்தபோதிலும் ஒப்பந்த வாசகத்தை ஜேர்மன் பயனருக்காக மாற்றியெழுதவும் நேர்ந்தது.

செய்ததைவிடச் செய்யலாமென எழுதிவைத்ததே ஜேர்மனியரைச் சினங்கொள்ளச் செய்தது. அதுவே இந்நிகழ்வின் உட்பொருள். 1983இன் வினாக்கொத்தில் வினாக்கள் கண்ணெதிரே அச்சிடப்பட்டிருந்தன. படித்துப் பார்த்துச் சினங்கொள்ள முடிந்தது. ஒறிஜின் எதனையும் வினவவில்லை. வினாவே இல்லாதவிடத்து விடையளிக்க மறுப்பது எங்ஙனம்? மறுப்பதற்கிருந்த ஒரே வழி ஒப்பந்தத்தையே மறுப்பது. அவ்வாறு மறுத்தவன் ஏலவே விலைகொடுத்து, பெட்டியைப் பிரித்து, கையில் வைத்திருக்கும் இறுவட்டைப் பயனின்றி வைத்திருக்க வேண்டியதுதான். சம்மதம் சுயேச்சையான முடிவாக இருந்தாலே செல்லும் என்று ஜேர்மன் சட்டம் அப்போதே கூறியிருந்தது. அவ்விதியின் வலு பொத்தானின் முன்னே எடுபடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25ஆம் திகதி, அதாவது 1987ஆம் ஆண்டு மதிப்பீடு நடைபெற்ற அதே நாளில், நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்துக்கு வேண்டப்படாத தரவுக்கும் சம்மதத்தை நிபந்தனையாக்கினால், அச்சம்மதம் சுதந்திரமாக அளிக்கப்பட்டதுதானா என்பது மிகவுங் கவனிக்கப்படவேண்டும் என அது விதித்தது. அதற்கு முந்திய மாதத்தில் வால்வ் தன் விதிகளை மாற்றியது. ஒருவன் எந்தெந்த விளையாட்டுகளை வைத்துள்ளான் என்பது அதுவரை ஊரார் பார்வைக்குத் திறந்தே கிடந்தது. அவனாகத் திறந்தாலன்றி இனி அது மூடியே இருக்கும் என்றாயிற்று. ஊரார்க்கு மூடிய கதவு கம்பனிக்கு மூடியதன்று.

2018 டிசெம்பரில் எப்பிக் கம்பனியும் தன் விற்பனைத் தளத்தைத் தொடங்கியது. 2019 மார்ச்சில் அதன் மென்பொருளைப் பயனர் ஆராய்ந்தபோது, கணனியில் ஸ்ரீம் வைத்திருந்த ஒரு கோப்பை அது பிரதிசெய்து வைப்பது தெரியவந்தது. அக்கோப்பில் நண்பர் பட்டியலும் பிறவும் இருந்தன. நண்பர்களை இணைத்துக்கொள்ளப் பயனர் சம்மதித்த பின்னரே தகவல் கம்பனிக்கு அனுப்பப்படும் எனக் கம்பனி விளக்கமளித்தது. அவசரத்தில் எழுதப்பட்டதன் எச்சம் அதுவென்றும், தவறு தம்முடையதே என்றும் தலைவர் ரிம் சுவீனி ஒப்புக்கொண்டார். சம்மதம் கேட்கப்பட்டது உண்மை. ஆனால் பிரதி அதற்கு முன்னரே எடுக்கப்பட்டிருந்தது.