விளியிழந்த குரல்

‘செயின்ட் ஜெர்மைன்’ என்னும் பெயரில் இயங்கும் பிரெஞ்சு இசையமைப்பாளர் லுடோவிக் நவார், 2000-ஆம் ஆண்டில் ‘டூரிஸ்ட்’ தொகுப்பை வெளியிட்டார். ஜாஸும் ஹவுஸ் நடன இசையும் கலந்த அத்தொகுப்பின் முதற்பாடல் ‘ரோஸ் ரூஜ்’. அதில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெண்குரல் மார்லினா ஷாவினுடையது. 1973-இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ இசைவிழாவில் அவர் பாடிய ‘வுமன் ஆஃப் தி கெட்டோ’விலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது.

1969-இல் முதலில் வெளிவந்த அப்பாடலில், அமெரிக்கக் கறுப்பினக் குடியிருப்பொன்றின் பெண், இங்கே பிள்ளைகளை எப்படி வளர்ப்பது எனச் சட்டமியற்றுவோரை விளித்து வினவுகிறாள். நவார் எடுத்துக்கொண்டதோ, மோன்த்ரோ மேடையில் ஷா அவையினரை ஒன்றுசேர அழைத்த சிறு தொடரை. அவை எஞ்சியது, ஆட்சியாளர் மறைந்தனர், முறையீடு நடனத்திற்கான அழைப்பாயிற்று.

இரு பதிவுகளையும் வெளியிட்டது ப்ளூ நோட் நிறுவனமே. ஆகவே இது உரிமை பற்றிய கேள்வியன்று. இவ்விசையின் உருக்கத்தைப் போற்றும் வரலாறு, அக்குரல் முதலில் யாரை விளித்தது என்பதையும் எழுதவேண்டும்.