மஸ்ர் போகும் வண்டி

கெய்ரோவுக்கு ஒரு செமஸ்டர் அரபி படிக்கப் போகும் கல்லூரி மாணவர், வந்த சில வாரங்களிலேயே அலெக்சாந்திரியாவின் கடற்கரையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். போவது எளிது, திரும்பும்போதுதான் திகைப்பு. வேன்கள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் ஊர்ப்பெயரைக் கூவி ஆள் சேர்க்கிறார்கள். பாடப்புத்தகத்தில் படித்த ‘அல்-காஹிரா’வைத் தேடினால் அது எவர் வாயிலும் இல்லை. காதில் விழுவதெல்லாம் ‘மஸ்ர், மஸ்ர், மஸ்ர்!’ மஸ்ர் என்றால் எகிப்து. எகிப்துக்குள் நின்றுகொண்டு எகிப்துக்கு வண்டி ஏறுவது எப்படி?

கெய்ரோ போகும் வண்டி அதுதான். எகிப்தியர் பேச்சில் நாட்டுக்கும் தலைநகருக்கும் ஒரே பெயர்: எழுத்தில் மிஸ்ர், பேச்சில் மஸ்ர். அலெக்சாந்திரியாவின் பெரிய ரயில் நிலையத்துக்கே ‘மஹத்தத் மஸ்ர்’, மஸ்ர் நிலையம், என்று பெயர். அது நிற்கும் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ரயில் போய்ச் சேரும் ஊரைச் சொல்கிறது. அந்தப் பாதை 1856இல் கெய்ரோவைத் தொட்டது. கெய்ரோவின் ராம்சேஸ் நிலையத்தையும் மக்கள் மஹத்தத் மஸ்ர் என்றே சொல்கிறார்கள்.

ஓர் ஊருக்கு இரண்டு பெயர் இருப்பது புதிதல்ல. ஆனால் இந்த இரண்டும் வந்த வழி வேறு வேறு. அந்த வழியைப் பிடித்துப் போனால் நகரத்தின் ஆயிரமாண்டு வரலாறே கையில் கிடைக்கிறது.

முதலில் காஹிரா. 969இல் ஃபாத்திமிய அரசகுலத்தின் படைத்தலைவர் ஜவ்ஹர் எகிப்தைக் கைப்பற்றி, நைலின் கிழக்குக் கரையில் மதில் சூழ்ந்த அரண்மனை நகர் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். முதலில் அதற்கு மன்ஸூரிய்யா என்று பெயர். 973இல் கலீஃபா அல்-முயிஸ் வந்து குடியேறியபின் அது அல்-காஹிரா ஆயிற்று. ‘கஹர’ என்னும் அரபி வேருக்கு அடக்குதல், வெல்லுதல் என்று பொருள். காஹிரா என்றால் வெற்றி கொண்டவள். இறைவனின் திருநாமங்களில் ஒன்றான அல்-கஹ்ஹார் இதே வேரில் பிறந்தது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் வழங்கும் அப்துல் கஹ்ஹார் என்ற பெயரில் அந்த வேர் நம் ஊரிலும் வாழ்கிறது.

இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. நல்ல முகூர்த்தத்துக்காகச் சோதிடர்கள் காத்திருந்தார்கள். அடித்தளம் தோண்டும் வேலையாட்களுக்குச் சைகை காட்ட, கம்பங்களுக்கிடையே கயிறு கட்டி மணிகள் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு காகம் கயிற்றில் வந்து அமர, மணிகள் ஒலிக்க, வேலையாட்கள் மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள். அப்போது உதயத்தில் இருந்தது செவ்வாய். அதற்கு அல்-காஹிர் என்றும் பெயர். ஆகவே நகரம் காஹிரா ஆயிற்றாம். பதினைந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மக்ரீஸி இதைப் பதிந்திருக்கிறார். ஆனால் ஏறக்குறைய இதே கதையை அலெக்சாந்திரியாவைக் கட்டியபோது நடந்ததாக அரபு வரலாற்றாசிரியர் மஸ்ஊதி முன்பே எழுதிவிட்டார். மஸ்ஊதி இறந்தது 956இல். கெய்ரோவுக்குக் கால்கோள் இடுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு. காகம் வேறோர் ஊரிலிருந்து பறந்து வந்த காகம். சொல்லாராய்ச்சியில் இனிக்கும் கதையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கதையைவிட உறுதியான சான்று எகிப்தியரின் நாவிலேயே இருக்கிறது. கெய்ரோப் பேச்சில் அடித்தொண்டையில் பிறக்கும் அரபி ‘காஃப்’ ஒலி பெரும்பாலும் மறைந்து, தொண்டையில் ஒரு சிறு தடையாக மட்டும் மிஞ்சும். இதயம் என்னும் ‘கல்ப்’ அங்கே ‘அல்ப்’. காப்பி என்னும் ‘கஹ்வா’ அங்கே ‘அஹ்வா’. புதிதாய் வந்த மாணவர் தெருமுனைக் கடையில் கஹ்வா என்று இலக்கணமாகக் கேட்டால், கடைக்காரர் புன்னகையோடு அஹ்வாவைக் கொண்டுவந்து வைப்பார். ஆனால் ‘அல்-காஹிரா’ என்று சொல்ல நேரும்போது மட்டும் அதே கடைக்காரர் காஃபை முழுதாக ஒலிப்பார். ‘குர்ஆன்’ என்பதிலும் அப்படியே. நாமும் பேச்சில் இலையை எலை என்கிறோம், இடத்தை எடம் என்கிறோம். இலக்கியத்தை எலக்கியம் என்பதில்லை. படித்து வந்த சொல் எழுத்தின் ஒலியைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆயிரம் ஆண்டு ஆகியும் காஹிரா ஏட்டுப் பெயராகவே இருக்கிறது என்பதற்கு அந்த ஒற்றை ஒலியே சாட்சி.

மிஸ்ர் அதைவிட மிகப் பழையது. கி.மு. பதினான்காம் நூற்றாண்டின் அமர்னா களிமண் மடல்களில் அக்காடிய மொழியில் இந்நாடு ‘மிஸ்ரி’. எபிரேய வேதத்தில் ‘மிஸ்ராயிம்’. அண்டை அயலார் இட்ட பெயர் இது. பழைய எகிப்தியர் தங்கள் நாட்டைக் ‘கெமெத்’, கருநிலம், என்றே அழைத்தார்கள். அக்காடிய மொழியில் ‘மிஸ்ரு’ என்ற சொல்லுக்கு எல்லை என்றும் பொருள் இருந்தது.

அரபியில் இந்தச் சொல் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தது. குர்ஆனில் யூசுஃப் நபியின் வரலாற்றில் அது நாட்டின் பெயர். தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் அது ‘மிஸ்ரு’ என்றே வரும். அல்-பகரா அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தில் அதுவே இறுதியில் ‘ன்’ ஏற்று ‘மிஸ்ரன்’ என்று வருகிறது. ஏதேனும் ஓர் ஊர் என்று பொதுப்பெயராகவே பெரும்பாலோர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். தொடக்க கால இஸ்லாமியப் படைகள் அமைத்த பாளைய நகரங்களுக்கு ‘அம்ஸார்’ என்று பெயர். மிஸ்ர் என்பதன் பன்மை அது. இராக்கின் பஸ்ராவும் கூஃபாவும் அப்படிப்பட்டவை. 641ஐ ஒட்டிப் படைத்தலைவர் அம்ர் இப்னுல் ஆஸ் நைல் கரையில் நிறுவிய ஃபுஸ்தாத்தும் ஒரு மிஸ்ர். நாட்டின் பெயரும் மிஸ்ர், நகரத்தைக் குறிக்கும் சொல்லும் மிஸ்ர். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தபோது மக்களுக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை.

தமிழருக்கு இது விளங்காத செய்தி அல்ல. சென்னையைப் ‘பட்டணம்’ என்று மட்டும் சொன்ன தலைமுறை நம்மிடம் இருந்தது. ‘பையன் பட்டணத்துல படிக்கிறான்’ என்றால் எந்தப் பட்டணம் என்று எவரும் கேட்டதில்லை. அரபியில் யத்ரிப் நகரம் ‘மதீனா’, அதாவது நகரம், ஆனதும் அப்படித்தான். ஷாம் என்றால் சிரியா. பேச்சில் டமாஸ்கஸும் ஷாம்தான். தூனிஸும் அல்-ஜஸாயிரும் நாட்டுக்கும் தலைநகருக்கும் பொதுவான பெயர்கள்.

ஃபாத்திமியர் காலத்தில் காஹிரா அரசகுலத்தின் மதிலுக்குள் அடங்கிய ஊர். குடிமக்கள் வாழ்ந்தது தெற்கே ஃபுஸ்தாத்தில். ஃபுஸ்தாத்தின் யூதக் கோயில் அறையில் சேர்ந்து கிடந்த ‘கெனிஸா’ ஏடுகளில் அவ்வூர்தான் மிஸ்ர். காஹிரா தனி ஊர். 1168இல் சிலுவைப் படை நெருங்கியபோது ஃபுஸ்தாத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அடுத்து ஆட்சிக்கு வந்த ஸலாஹுத்தீன் காலத்தில் காஹிராவின் வாசல் எல்லோருக்கும் திறந்தது. மக்கள் வடக்கே நகர்ந்தபோது பெயரையும் மூட்டையோடு கட்டி எடுத்துவந்தார்கள். பழைய இடம் இன்றும் மஸ்ர் இல்-அதீமா, பழைய மஸ்ர்.

இந்த இரட்டைப் பெயர் இன்றைய மாணவரையும் வழிதவற வைக்கும். 1919இல் தொடங்கிய கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகம் 2008இல் ‘அல்-காஹிரா அல்-கெதீதா’வுக்கு, புதிய கெய்ரோவுக்கு, இடம்பெயர்ந்தது. மஸ்ரும் காஹிராவும் ஒன்றுதானே என்று எண்ணி டாக்சியில் ‘மஸ்ர் இல்-கெதீதா’ என்று சொன்னால், 1905இல் உருவாகத் தொடங்கிய ஹீலியோபோலிஸ் புறநகரில் கொண்டுபோய் இறக்குவார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டும் ஒன்று. தரையில் இரண்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர்.

‘எகிப்து’ என்ற பெயர் நேர் எதிர்த்திசையில் நடந்தது. கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் பண்டைய மெம்பிஸ் நகரம். அங்கே ப்தாஹ் தெய்வத்தின் கோயிலுக்கு ‘ஹுத்-கா-ப்தாஹ்’ என்று பெயர். அது ஊருக்கு ஆகி, கிரேக்கர் வாயில் ‘ஐகுப்தோஸ்’ என்று நாட்டுக்கே ஆகிவிட்டது. அரபியில் கிறித்தவ எகிப்தியரைக் குறிக்கும் ‘கிப்த்’ என்ற சொல்லும் அதன் வழிவந்தது. ஆக, நைலின் அதே பகுதியில் ஓர் ஊரின் பெயர் விரிந்து நாடாயிற்று. ஒரு நாட்டின் பெயர் சுருங்கி ஊராயிற்று.

அகராதியில் மிஸ்ருக்கு எதிரே எகிப்து என்றிருக்கும், காஹிராவுக்கு எதிரே கெய்ரோ என்றிருக்கும். இரண்டும் சரியே. ஆனால் எது வெற்றி பெற்றவர் வைத்த பெயர், எது வாழ்ந்தவர் சுமந்துவந்த பெயர் என்பதைத் தெருவில் நின்று காதால் கேட்டவர்தான் அறிவார். வேற்று மொழியைப் படிக்க அந்த மண்ணுக்கே போக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். செமஸ்டர் முடியும் தறுவாயில் அந்த மாணவர் மீண்டும் அலெக்சாந்திரியாவில் வேன் நிற்கும் இடத்துக்கு வருவார். இம்முறை எவரையும் கேட்க மாட்டார். ‘மஸ்ர்’ என்ற கூவல் கேட்டதும் ஏறி உட்கார்ந்துவிடுவார்.