மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள்

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டிநாட்டு நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய இடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். சரக்கறை என்பதே அந்தச் சொல்லின் பொருள். இருந்ததோ கடையும் குடியிருப்பும் ஒன்றான நீண்ட கூடம். ஆளுக்கொரு மேசைப்பெட்டி, பின்னால் ஓர் அலமாரி, அவ்வளவுதான். பகலில் சம்மணமிட்டுக் கணக்கெழுதிய தரையிலேயே இரவில் பாய் விரிப்பார்கள். செட்டிநாட்டிலிருந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக வந்தவன், உதவியாளான அடுத்தாளாகி, பிறகு பொறுப்பை ஏற்கும் மேலாளாக உயர்வான். ஒருவரின் பணித்தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. குடும்பம் ஊரிலேயே இருக்கும். புதிதாக வந்தவனுக்கு வீடு தேடும் கவலையோ சாப்பாட்டுக் கவலையோ இல்லை. வழிசொல்ல ஊர்க்காரர் பக்கத்திலேயே இருந்தார்கள். வழிபாட்டுக்கு டேங்க் ரோட்டில் 1859-இல் தண்டாயுதபாணி கோயில் எழுந்தது. பின்னாளில் நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் மறைந்தன. ஆனால் தைப்பூசக் காவடிகள் இன்றும் அந்தக் கோயிலில்தான் வந்து முடிகின்றன.