சிவகாசியின் துப்பறியும் சித்திரக்கதைகள்

சிவகாசிக்கு அச்சுத்தொழில் தீப்பெட்டியால் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டி செய்யக் கற்று 1923-இல் ஊர் திரும்பினார்கள். பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக எழுந்த அச்சகங்கள் பின்னர் பட்டாசு உறை, காலண்டர், டைரி என்று விரிந்தன. தமிழின் குற்றக் கதைகளுக்கும் இங்கே ஓர் இடம் கிடைத்தது.

1972-இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962-இல் தொடங்கிய கதை அது. ஆய்வகத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன் மீது மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். மூலக்கதையில் முதலில் அவன் குற்றவாளி; உளவாளியானது பிற்பாடுதான். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் நாயகி மாடஸ்டி, குற்றக் கும்பலுக்குத் தலைமை தாங்கிவிட்டு விலகியவள். அடுத்து வந்த ஸ்பைடரோ குற்றவாளிகளின் அரசனாகவே அறிமுகமானவன்.

ரங்கராஜு 1908-இல் எழுதிய ‘ராஜாம்பாள்’ நாவலின் துப்பறியும் கோவிந்தனும், தமிழ்வாணனின் சங்கர்லாலும் சட்டத்தின் பக்கம் நின்றவர்கள். சிவகாசி இதழ்களின் பெரிய நாயகர்கள் சிலரோ மறுபக்கத்திலிருந்து வந்தார்கள். அந்த இதழ்களின் தனிச்சிறப்பு இதுவே. கொலைகளை அடுக்கிக்கொண்டே போகும் கதை சீக்கிரம் சலித்துவிடும். குற்றம் செய்தவன் மாறுகிற கதைக்கு ஆயுள் அதிகம்.

சிறிய இதழ் அளவு மட்டும் ஒரு குறையாக இருந்தது. பெரிய பக்கத்துக்கு வரைந்த கட்டங்களைக் கையடக்கப் பக்கத்துக்காக வெட்டிக் குறுக்கினார்கள். துப்பறியும் சித்திரக்கதையில் தடயம் ஓவியத்தின் மூலையில்கூட இருக்கும். மூலை போனால் முடிவு வாசகருக்கு ஏமாற்றமாகிவிடும்.

வாசகரின் பொறுமைக்கு அதைவிடப் பெரிய சோதனை ‘இரத்தப் படலம்’. அமெரிக்க அதிபரைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும், நினைவிழந்த ஒருவன் தன்னைத் தானே துப்பறிகிறான். வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த இந்த பெல்ஜியக் கதை 1980களிலேயே தமிழில் தொடங்கிவிட்டது. 18 பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தது 2010-இல்தான். பள்ளிப் பருவத்தில் தொடங்கிய வாசகர்கள் நடுவயதில் முடிவைப் படித்தார்கள்.

ஓர் இடைவெளிக்குப் பின் 2012 ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ இதழோடு லயன் மீண்டும் வந்தது. அதன்பின் பல ஐரோப்பியக் கதைகள் பெரிய அளவில், முழு வண்ணத்தில் அச்சாகின.