பூச்சியியல் ஆலோசகர்

கிடங்கு, உணவு ஆலை, மருத்துவமனை, விடுதி, வீடு ஆகிய இடங்களில் தொல்லை தரும் பூச்சியை இனங்கண்டு, அது அங்கே வந்து பெருகிய காரணத்தைக் கண்டறிந்து, கட்டுப்படுத்தும் வழியை வகுத்துத் தருபவர் பூச்சியியல் ஆலோசகர். பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களில் பணிபுரிவோரும், தனித்து இயங்குவோரும் இவர்களில் உண்டு. மருந்து தெளிப்பது பணியாளரின் வேலை. எந்த மருந்து, எங்கே, எவ்வளவு என்பதையும், மருந்தே வேண்டாம் என்பதையும் சொல்வது ஆலோசகரின் பொறுப்பு. இந்தியாவில் இத்தொழிலுக்கு அறிவியல் அடித்தளம் அமைத்த ஊர்களில் மைசூரு முக்கியமானது.

வரலாறு

தானியத்தைப் பூச்சியிடமிருந்து காப்பது தென்னிந்திய வீடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வேலை. தமிழகத்தில் நெல்லுக்குக் குதிரும் பத்தாயமும், விதைப் பயறுக்குச் செம்மண் பூச்சும், மூட்டைகளுக்கிடையே வேம்பு, நொச்சி இலைகளும் பயன்பட்டன. கர்நாடகத்தில் கேழ்வரகை ‘ஹகேவு’ என்னும் நிலவறைக் குழியில் கொட்டி மூடினர். மூடிய குழிக்குள் தானியமும் பூச்சியும் சுவாசிப்பதால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டைஆக்சைடு மிகும்; பூச்சி மடியும். திறந்த உடனே குழிக்குள் இறங்கினால் மனித உயிருக்கும் ஆபத்து. இன்றைய காற்றுப்புகாத் தானியப் பைகள் இயங்குவதும் இதே விதியின்படிதான்.

கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் உள்ள கௌதள்ளி என்னும் ஊர் இத்தகைய கேழ்வரகு நாட்டைச் சேர்ந்தது. கேழ்வரகு மணி மிகச் சிறியது. தானிய மணிக்குள் வளரும் கூன்வண்டின் புழுவுக்கு அதில் இடமில்லை. அதனால் கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆனால் அதே ஊர் வீடுகளில் சோளத்திலும் மொச்சையிலும் சில மாதங்களில் வண்டு விழும்.

நவீனப் பூச்சியியல் முதலில் வயலையே நோக்கியது. பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914இலும், டி. வி. ராமகிருஷ்ண ஐயரின் பொருளியல் பூச்சியியல் கையேடு 1940இலும் வெளிவந்தன. அறுவடைக்குப் பிந்தைய இழப்பை ஆராய வலுவான களம் அமைந்தது 1950 அக்டோபரில், மைசூரு செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். தானியத்தையும் பண்டங்களையும் தாக்கும் பூச்சிகளுக்கென்றே ஒரு துறை அங்கே வளர்ந்தது.

1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கோதுமை மாவில் கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பூச்சிக்கொல்லிகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தத் துயரம் வலுச் சேர்த்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இலும், அதன் விதிகள் 1971இலும் வந்தன.

இனங்காணல்

ஆலோசகரின் முதன்மையான திறன் இனங்காணல். பூச்சியின் பெயர் தெரிந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

அரிசிக் கூன்வண்டு முழு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழுவும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே வளரும். வெப்பமான நம் பகுதிகளில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதிய வண்டு வெளிவரும். மூட்டையின் மேல் மருந்து தெளித்தால் வெளியே நடமாடும் வண்டு மட்டுமே சாகும். சிவப்பு மாவு வண்டு முழு மணியை எளிதில் தாக்காது. குருணையிலும் மாவிலும் பெருகும். அது மிகுந்திருந்தால் சலிப்பதிலும் துப்புரவிலும் குறை இருக்கிறது என்று பொருள். அது சுரக்கும் குயினோன் சேர்மங்கள் மாவுக்குத் துர்நாற்றம் தரும். பயறு வண்டு வயலிலேயே காய்களில் முட்டையிடுகிறது. ஆகவே கிடங்கைக் குறை சொல்லுமுன் கொள்முதலையும் உலர்த்தலையும் ஆராய வேண்டும். கப்ரா வண்டின் புழு, உணவில்லாமலும் விரிசல்களில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்க வல்லது. பல நாடுகள் இதைத் தடுப்புப் பட்டியலில் வைத்திருப்பதால், ஒரு சரக்கில் இது அகப்பட்டால் ஏற்றுமதியே நின்றுபோகலாம்.

மர அரிப்பிலும் இதே நிலைதான். மண் குழாய் தெரிந்தால் நிலத்துக் கறையான். கசகசா அளவில் ஆறு பட்டைகளுள்ள துகள் கொட்டினால் உலர்மரக் கறையான். மிக நுண்ணிய மாவு உதிர்ந்தால் துளைவண்டு. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. உலர்மரக் கறையானுக்கு மண்ணில் மருந்து ஊற்றுவது வீட்டுக்காரரின் பணத்தையும் மண்ணையும் சேர்த்துப் பாழாக்கும்.

நச்சுவாயு மூட்டம்

தொழிலில் ‘ஃபியூமிகேஷன்’ எனப்படும் இது மணிக்குள் இருக்கும் பூச்சியையும் எட்டும். 3 கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து 1 கிராம் பாஸ்பீன் வாயுவைத் தரும். மூட்டை அடுக்கைக் கிழிசலில்லாத உறையால் மூடி, விளிம்புகளில் மணற்பைகள் வைத்து, பல நாட்கள் வாயுவை உள்ளே நிறுத்த வேண்டும். உறை ஒழுகினாலோ முன்கூட்டியே பிரித்தாலோ வளர்ந்த வண்டுகள் இறக்கும். முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பும். இப்படி அரைகுறையாகச் செய்ததை மீண்டும் மீண்டும் செய்ததால் பாஸ்பீனை எதிர்த்து வாழும் வண்டுகள் உருவாயின. மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஒழுக்கை அடைப்பதே சரியான அறிவுரை.

மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை வழியே அதன் பயன்பாடு பெரும்பாலும் தாவரத் தடுப்புக்காப்புக்கும் ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சைக்கும் சுருங்கியது. ஏற்றுமதிக்கான மரப்பெட்டிகளுக்கு மாற்றாக வெப்பச் சிகிச்சை உண்டு: மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியசில் தொடர்ந்து 30 நிமிடங்கள்.

கட்டடங்களும் ஆலைகளும்

கட்டடக் கறையான் தடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் 6313 வழிகாட்டுகிறது. கட்டுமான முறை, கட்டுமுன் மருந்திடல், கட்டிய கட்டடத்துக்கான சிகிச்சை என அது மூன்று பகுதிகள் கொண்டது. ஒருகாலத்தில் இதற்குப் பயன்பட்ட ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டகுளோர் ஆகியவை இன்று தடைசெய்யப்பட்டவை. வீட்டுத் தானியத்துக்குக் கண்ணாடிக் குப்பிகளில் தரப்பட்ட எத்திலீன் டைபுரோமைடும் 2001இல் தடைக்குள்ளானது. நேற்று பாதுகாப்பானது என்று கருதப்பட்டது இன்று நஞ்சு என்று தெரியவரலாம். ஆகவே ஆலோசகர் படிப்பை ஒருநாளும் நிறுத்த முடியாது.

உணவு ஆலைகளில் ஆலோசகரின் கருவிகள் வரைபடமும் பதிவேடும் ஆகும். எலிப் பொறிகள், இனக்கவர்ச்சிப் பொறிகள், பூச்சி ஈர்க்கும் விளக்குகள் இருக்கும் இடங்களை எண்ணிட்டுக் குறித்து, வாரந்தோறும் அகப்பட்டவற்றைப் பதிந்தால் பூச்சி நுழையும் வாசல் தெரியவரும். தானியக் குவியலில் செருகி வண்டுகளைப் பிடிக்கும் குழல் பொறியைக் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. வண்டு கண்ணில் படும் முன்பே எச்சரிக்கை தருவது அதன் பயன். சமையலறைக் கரப்பானுக்கு, எங்கும் தெளிக்கும் மருந்தைவிட இடுக்குகளில் வைக்கும் பசை இரை சிறந்தது.

கல்வியும் உரிமமும்

வேளாண் பட்டமோ விலங்கியல் பட்டமோ பெற்று, பூச்சியியலில் முதுநிலை முடித்தவர்கள் இத்துறைக்கு வருகின்றனர். கொசு போன்ற நோய்பரப்பிகளைக் கற்க விரும்புவோருக்குப் புதுச்சேரியின் நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பு நடத்திவருகிறது. அலுமினியம் பாஸ்பைடு, மெத்தில் புரோமைடு போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைக் கையாளும் வணிக நிறுவனத்துக்கு உரிமம் கட்டாயம். அந்நிறுவனத்தில், வேளாண் பட்டமோ வேதியியல் பாடத்துடன் அறிவியல் பட்டமோ பெற்று, அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்றவர் இருக்க வேண்டும் என்று விதிகள் வரையறுத்தன. அப்பயிற்சி நிலையங்களாக மைசூரு, ஹாப்பூர், ஹைதராபாத் நிறுவனங்கள் குறிக்கப்பட்டன.

தொழில் நெறி

பாஸ்பீனுக்கு முறிமருந்து இல்லை. குடியிருக்கும் வீட்டுக்குள் அதன் மாத்திரைகளை வைப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் இருந்த இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். ஆலோசனை தவறினால் விலை உயிராக இருக்கும் தொழில் இது. ஆலோசகரின் ஊதியம் விற்ற மருந்தின் அளவைச் சார்ந்திருந்தால், மருந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் நா எழாது. எனவே ஆய்வுக்குத் தனிக் கட்டணம் பெறுவதே நேர்மையான முறை. பூச்சியின் பெயர், அது வந்த காரணம், இடப்போகும் மருந்தின் பெயரும் அளவும், உள்ளே திரும்பி வரத்தக்க நேரம் ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. தயங்காமல் எழுதித் தருவது ஆலோசகரின் கடமை.