மூன்று தற்சார்புக் கொள்கை

புதிதாக உருவாகும் திருச்சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே நிர்வகித்து, நற்செய்தியையும் தானே பரப்ப வேண்டும் என்னும் கொள்கை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் சர்ச் மிஷனெரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) செயலர் ஹென்றி வென் (1796–1873), அமெரிக்க மிஷன் போர்டின் ரூபஸ் ஆண்டர்சன் ஆகியோர் தனித்தனியே இதை வகுத்தனர். உள்ளூர்ச் சபை காலூன்றியதும் மிஷன் அடுத்த ஊருக்கு நகர வேண்டும் என்பது வென்னின் எண்ணம்.

நடைமுறையில், செலவை உள்ளூராரிடம் விட்ட வேகத்தில் அதிகாரத்தை எவரும் விடவில்லை. வென்னின் ஆதரவோடு 1864இல் ஆப்பிரிக்கரான சாமுவேல் குரோதர் நைஜர்ப் பகுதிக்குப் பேராயரானார். 1891இல் அவர் இறந்தபின் அந்தப் பதவிக்கு ஆங்கிலேயரே வந்தார். கொரியாவில் நிலைமை வேறு. சீனாவில் பணியாற்றிய ஜான் நீவியஸ் 1890இல் கொரியாவுக்குச் சென்று விளக்கிய முறையைப் பிரஸ்பிட்டேரியன் மிஷனெரிகள் ஏற்றனர்: ஊழியருக்கு வெளிநாட்டுச் சம்பளம் கிடையாது, கோயிலைச் சபையாரே தங்கள் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ள வேண்டும், எல்லாரும் வேதபாடம் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்தத் தற்சார்பு தென்பட்டது. திருநெல்வேலிச் சபைகளில் உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அங்கு 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், உள்நாட்டுப் பணத்திலேயே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான வே. ச. அசரியா 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.