சிரைவழித் தற்காலிக பேஸ்மேக்கர்
கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக மெல்லிய மின்கம்பியை இதயத்தின் வலக் கீழறைக்குச் செலுத்தி, வெளியிலுள்ள கருவியால் துடிக்கவைக்கும் அவசர சிகிச்சை. 1958இல் நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன் இதைச் செய்துகாட்டினார். தமிழகத்திலும் இலங்கையிலும் மஞ்சள் அரளி விதை தின்றவர்களுக்கு இதயத் துடிப்பு ஆபத்தாகக் குறையும்போது இது தேவைப்படுகிறது. விஷம் இறங்கச் சில நாளாகும். அதுவரை தாக்குப்பிடித்தால் இதயம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே திருவண்ணாமலை போன்ற மாவட்டத் தலைநகரிலேயே இது கிடைத்தாக வேண்டும். வேலூரிலோ புதுச்சேரியிலோ உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியில் துடிப்பு நின்றுவிடலாம்.

கம்பி இதயச் சுவரைத் துளைக்கலாம் என்ற அச்சம் நியாயமே; நுனியில் பலூன் வைத்த கம்பியும் அல்ட்ராசவுண்டும் அந்த ஆபத்தைக் குறைக்கின்றன. மார்பில் ஒட்டி, தோல் வழியே மின்சாரம் செலுத்தித் துடிக்கவைக்கும் பட்டைகள் போதாதா என்றால், ஒவ்வொரு துடிப்புக்கும் தசை வெட்டியிழுக்கும் வலியை நினைவோடிருப்பவர் நெடுநேரம் தாங்கமாட்டார். அரளி விதை தின்றவர் நலமாகத் தெரிந்தாலும் உடனே (தமிழகத்தில்) 108ஐ அழையுங்கள்.